வாடைக்கு 04, சோளகத்துக்கு 22

2023ஆம் ஆண்டின் கடைசி. பள்ளிவாசல்துறையில் சாதாரண தர மாணவிகளுக்காக ஒரு தொழில் வழிகாட்டல் வகுப்பு நடத்தினோம். எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி, 'எதிர்காலத்தில் நீங்கள் செய்ய விரும்பும் தொழில் என்ன?' ஆசிரியை, தாதி, ஆசிரியை, தையல், ஆசிரியை என்று வாசித்துக்கொண்டு வந்தவள் ஒரு படிவத்தில் நின்றுவிட்டேன். 'விமானி' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது.

நான் சிரித்துவிட்டேன்.

கேலிச் சிரிப்பல்ல என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மகள், கொஞ்சம் எட்டக்கூடியதா யோசிச்சுப் பாருங்களேன்" என்று வேறு சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. படிவத்தை வாங்கி, எழுதியதை ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, 'ஆசிரியை' என்று எழுதித் தந்தாள்.

சகோதரிகளே, நான் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள். பெண்பிள்ளைகளின் ஆசைகளை வீடும் ஊரும் பாடசாலையும் எப்படிச் சிறுகச் சிறுகக் கத்தரிக்கின்றன என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்ததை அன்றுதான் கண்டேன். இரண்டு நாள் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

பிள்ளை உம்மம்மாவுடன் இருக்கிறாள். உம்மா குவைத்தில் வீட்டு வேலை. அதைக் கேட்டதும் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் அப்போது கைக்குழந்தை. எட்டு வருடம் கழித்து, 1998இல், என் உம்மாவும் கட்டுநாயக்கவில்தான் விமானம் ஏறினா. எங்கள் கரையில் விமானம் என்றால் பலருக்கு நினைவு வருவது பயணமல்ல, பிரிவு.

"என்னத்துக்கு மகள் பைலட்?" என்று கேட்டேன்.

அவள் தொலைபேசியில் ஒரு சிறிய காணொளியைக் காட்டினாள். உம்மா போன நாளில் யன்னலோரத்திலிருந்து எடுத்து அனுப்பியது. விமானம் மெதுவாக ஊர்ந்து, வளைந்து திரும்புகிறது. கீழே மஞ்சள் கோடுகள். பிறகு தடித்த வெள்ளைக் கோடுகள் வரிசையாக. பிறகு ஒரு நொடி மட்டும், தரையில் ஒரு வீடளவு பெரிய வெள்ளை எழுத்து. 0, 4. அதோடு காணொளி முடிந்துவிடுகிறது.

"உம்மா கடைசியா எனக்குக் காட்டினது இதுதான் மிஸ். என்ன 04 எண்டு கேட்டேன். உம்மாக்குத் தெரியல்ல. ஒருத்தருக்கும் தெரியல்ல. நானே தேடிப் படிச்சேன்."

சி.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஓடுபாதைகள். வெள்ளைக்குப் பென்சில், மஞ்சளுக்கு வர்ணப் பென்சில். அன்று நான் அவளுக்கு மாணவி.

அவள் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன். விமானத்தில் போய்வந்த சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். நாம் கடந்துபோன தரையில் என்ன எழுதியிருந்தது என்று அறிந்திருப்பது நல்லதுதானே?

முதலில் நிறம். விமானம் ஏறி இறங்கும் ஓடுபாதையில் எல்லாக் குறிகளும் வெள்ளை. அங்கே போய்ச் சேர்வதற்காக ஊர்ந்து செல்லும் பாதையை டக்ஸிவே என்பார்கள், அதில் எல்லாம் மஞ்சள். விமானி கண்ணை மூடித் திறந்தாலும் எந்தத் தரையில் நிற்கிறார் என்று நிறமே சொல்லிவிடும். இரவில் இதே வேலையை விளக்குகள் செய்கின்றன. டக்ஸிவேயின் ஓரம் நீலம். ஓடுபாதையின் ஓரம் வெள்ளை, தொடக்கம் பச்சை, முடிவு சிவப்பு. நடுக்கோட்டிலும் விளக்குப் பதித்த ஓடுபாதை என்றால், கடைசி 900 மீற்றரில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும், கடைசி 300 மீற்றரில் சிவப்பு மட்டுமே. பாதை முடியப்போகிறது என்று அர்த்தம்.

ஓடுபாதை தொடங்கும் இடத்தில் நீளவாக்கில் தடித்த வெள்ளைக் கோடுகள் அடுக்கப்பட்டிருக்கும். விமானிகள் அதைப் பியானோக் கட்டைகள் என்பார்களாம். எங்கள் பிள்ளை 'பாய்க் கோடு' என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கு அவள் வைத்த பெயர்தான் பிடித்தது. அந்தக் கோடுகளை எண்ணினால் பாதையின் அகலம் தெரியும். 12 கோடு என்றால் 45 மீற்றர், 16 என்றால் 60 மீற்றர். இறங்கி வருபவருக்கு, தொடக்கத்திலிருந்து சற்று உள்ளே, நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு பெரிய வெள்ளைக் கட்டங்கள் தெரியும். இறங்கும்போது விமானி குறிவைப்பது அவற்றைத்தான். நீளமான ஓடுபாதைகளில் அவை 400 மீற்றர் உள்ளே இருக்கும். பாதையின் நுனியிலேயே இறக்கப் பார்த்தால் கொஞ்சம் பிசகினாலும் வெளியே விழவேண்டி வரும் அல்லவா.

இனி அந்த எண். திசைகாட்டியில் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ஓடுபாதை பார்க்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்துத் தரையில் எழுதுகிறார்கள். கட்டுநாயக்க ஓடுபாதை ஏறக்குறைய 40 பாகையைப் பார்க்கிறது, அதாவது வடகிழக்கை. ஆகவே 04. அதே பாதையின் மறுமுனையில் நின்று பார்த்தால் தென்மேற்கு, 220 பாகை. அங்கே 22. எந்த ஓடுபாதையானாலும் இரு முனைகளின் எண்களுக்கும் இடையே 18 வித்தியாசம். திசைகாட்டியின் வடக்கு மெல்ல மெல்ல நகர்வதால் சில இடங்களில் எண்ணை அழித்து மாற்றி எழுதவும் வேண்டியிருக்கிறது. இலண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05, 23 என்றிருந்ததை 2009இல் 04, 22 என்று மாற்றினார்கள்.

ஏன் இரண்டு முனை, எப்போது எது என்ற கேள்விக்கு அவளும் தடுமாறினாள். நானும்தான். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த வாப்பாவிடம் சும்மா சொன்னேன்.

"இதுல என்ன தெரியாம இருக்கு?" என்றார். "பட்டம் ஏத்துறவன் காத்த எதிர்த்துத்தானே ஓடுவான். வாடை எங்கிருந்து வருகுது?"

"வடகிழக்கால."

"சோளகம்?"

"தென்மேற்கால."

"அப்ப வாடைக்கு 04. சோளகத்துக்கு 22. முடிஞ்சிது."

வாப்பா நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மைதான், எதிர்காற்றில் ஓடினால் விமானம் குறைந்த தூரத்தில் எழும்பும், இறங்கும்போது மெதுவாக இறங்கும். இரத்மலானை ஓடுபாதையும் 04, 22தான். 2013இல் திறந்த மத்தளையும், 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலியும் 05, 23. நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருந்தும் எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் பார்க்கின்றன. நம் கரையார் தலைமுறை தலைமுறையாக அறிந்த இரண்டு பருவக்காற்றுகளும் அந்தத் தரையில் எண்ணாக எழுதப்பட்டிருக்கின்றன. கண்டக்குழியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருவதும் இதே காற்றை நம்பித்தான்.

மறுநாள் இதைச் சொன்னபோது பிள்ளை கொப்பியில் எழுதிவிட்டுக் கேட்டாள், "ஒங்கட வாப்பா பைலட்டா மிஸ்?"

அதன் பிறகு வாரத்தில் ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் அந்தக் கொப்பியோடு இருந்தோம். விமான நிலையத்தில் பல வருடம் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற நானா ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் அவளையும் உம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டினார். தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"இது பிழை மகள். இந்தப் பிழை ஆளைக் கொல்லும்."

டக்ஸிவே ஓடுபாதையைச் சந்திப்பதற்கு முன் குறுக்கே நாலு மஞ்சள் கோடுகள் போட்டிருக்கும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டுப் போட்ட கோடு. காத்திருப்புக் கோடு என்பது அதுதான். அவள் விட்டு விட்டுப் போட்ட கோடுகளை டக்ஸிவேப் பக்கம் வரைந்திருந்தாள். சரியான முறை மறுவளம். டக்ஸிவேயிலிருந்து வருபவருக்கு முதலில் முழுக்கோடு தெரிய வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தரும்வரை அதைத் தாண்டக் கூடாது. ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவருக்கு முதலில் தெரிவது விட்டு விட்டுப் போட்ட கோடு. அவர் நிற்காமல் கடக்கலாம், ஓடுபாதையை விட்டு விலகத்தானே வேண்டும். அதே கோடு ஒரு பக்கத்தாருக்கு மதில், மறுபக்கத்தாருக்கு வாசல். ஓரத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் இருக்கும். பல இடங்களில் குறுக்கே சிவப்பு விளக்குகளும் எரியும். 'நில்' என்று கோபுரம் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

நானா பிறகு சொன்ன கதைகள் எங்கள் மூவரையும் வாயடைக்க வைத்தன. வீட்டுக்கு வந்து நானும் தேடி வாசித்தேன்.

2000 ஒக்டோபர் 31 இரவு, தாய்வானின் தாய்பே நகரில் சூறாவளி மழை. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஜம்போ ஒன்று புறப்பட வேண்டியது '05 இடது' ஓடுபாதையில். அதற்குப் பக்கத்தில் சமாந்தரமாக '05 வலது'. அதன் ஒரு பகுதியில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. டக்ஸிவேயின் பச்சை விளக்குகள் வளைந்து '05 வலது' பாதைக்குள் வரிசையாக வழிகாட்டின. சரியான பாதைக்குப் போகும் விளக்குகளோ தூரம் தூரமாக இருந்தன. அவற்றில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று மங்கல். மூடப்பட்ட பாதைக்குப் போட வேண்டிய பெருக்கல் குறியும் அந்தத் தொடக்கத்தில் இருக்கவில்லை. விமானிகள் பிழையான பாதையில் வேகமெடுத்து, வேலைக்காக நிறுத்தியிருந்த இயந்திரங்களில் மோதினார்கள். இருந்த 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். அனுபவமுள்ள விமானிகள்தான். கண்ணுக்கு முன் எரிந்த விளக்கை நம்பிப் போனார்கள்.

மறு வருடம், 2001 ஒக்டோபர் 8 காலை, இத்தாலியின் மிலான் லினாத்தே விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரு சிறிய விமானத்தை ஐந்தாம் பாதையால் வரச் சொன்னார்கள். அது ஆறாம் பாதையில் திரும்பிவிட்டது. விமானி தரையில் கண்ட குறியை வாசித்து 'எஸ் 4இல் நிற்கிறேன்' என்று சொன்னார். அப்படியொரு குறி தரையில் இருப்பதே கோபுரத்தில் இருந்தவருக்குத் தெரியாது. தரை ராடரும் இயங்கவில்லை. சிறிய விமானம் ஓடுபாதைக்குள் நுழைய, மேலெழுந்துகொண்டிருந்த பெரிய விமானம் அதில் மோதியது. தரையில் நின்ற தொழிலாளர் நால்வரோடு சேர்த்து 118 பேர் போய்விட்டார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார். கேட்டவரிடம் அந்தக் குறிக்கு அர்த்தம் இருக்கவில்லை. அந்தப் படிவத்தை நான் வாசித்த விதம் நினைவுக்கு வந்தது.

2024 ஜனவரி 2ஆம் திகதி செய்தியில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் எரிவதைக் காட்டினார்கள். முந்திய நாள் நில அதிர்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகவிருந்த கரையோரக் காவல் விமானம் காத்திருப்புக் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் நின்றது. இறங்கி வந்த ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் அதில் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். அன்றிரவே பிள்ளையிடமிருந்து எனக்கு அழைப்பு.

"மிஸ், பாத்தீங்களா? நாலு கோடு."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் நடுங்கியது.

உம்மம்மாவும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தா. மறுநாள் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளைட தலைக்குள்ள இதெல்லாம் போட்டது நீங்கதான்" என்று அழுதா. உயர்தரத்துக்குப் பிள்ளையைக் கலைப்பிரிவில் சேர்ப்பதாக வீட்டில் முடிவு. அது கிட்டவே இருக்கிறது. கணிதப்பிரிவு என்றால் பஸ் ஏறித் தூரம் போக வேண்டும். திரும்பி வர மஃரிபு ஆகிவிடும். செலவும் பயமும் ஒன்றாகச் சேர்ந்தால் பெண்பிள்ளையின் படிப்பு எப்படி முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குவைத்திலிருந்து உம்மா ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு பேசினா. நான் ஆயத்தப்படுத்தி வைத்த நியாயங்களெல்லாம் அவவிடம் எடுபடவில்லை. விமானிப் பயிற்சிக்கு ஆகும் தொகை நம் குடும்பங்களால் எண்ணிப் பார்க்கவும் முடியாதது, அதை நானும் மறைக்கவில்லை. கணிதம் படித்தால் பொறியியல், அளவையியல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று வேறு கதவுகளும் இருக்கின்றன என்றேன். இலங்கை விமானப்படையில் 2020இல் பெண் விமானிகள் வந்துவிட்டார்கள் என்றேன். மௌனம்.

கடைசியில், வேறெதுவும் தோன்றாமல், "நீங்க அனுப்பின வீடியோவில இருந்துதான் எல்லாம் தொடங்கினது ராத்தா. அந்த 04" என்றேன்.

"அதையா இன்னும் வெச்சிருக்கிறா?"

"கொப்பி நிறைய அதுதான்."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பஸ் காசு நான் அனுப்புறேன். வாறது இருட்டிப் போனா யாரு பாக்கிறது, அதுக்கு நீங்க வழி சொல்லுங்க" என்றா.

அதற்கு வழி சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதே பக்கம் போகும் இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்தோம். சந்தியில் இறங்கும் பிள்ளைகளை முறை வைத்து ஒரு தாய் போய்க் கூட்டி வருகிறா. மழை நாளில் ஒரு முச்சக்கர வண்டி. இதையெல்லாம் திட்டம் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று அறுந்துபோகும், மறுபடி முடிச்சுப் போடுவோம். ஆனால் பிள்ளை கணிதப்பிரிவில் இருக்கிறாள். இரசாயனவியலில் புள்ளி குறைவு. பௌதிகவியலில் வகுப்பில் முதலாவது.

அந்தப் பழைய படிவம் என் மேசை லாச்சியில் இருந்தது. போன மாதம் எடுத்து அவளிடம் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு, வெட்டிய சொல்லை அப்படியே விட்டாள். "இருக்கட்டும் மிஸ், வாசிக்கத் தெரியுதுதானே" என்றாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாப்பா காற்றைச் சொல்லித் தந்த அன்று உம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. ஒன்பது வருடத் தொழிலைப் பற்றி உம்மா எங்களிடம் அதிகம் பேசியதில்லை. விமானம் ஏறிய இரவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டா.

"அப்ப நான் போன அண்டைக்கு எந்த நம்பர்?"

எனக்குத் தெரியவில்லை. வாப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "ஆனி மாசம். சோளகம் அடிச்சு, தோணி இறக்க ஏலாம கிடந்த நாள். கையில காசில்லாமத்தானே ஒன்ன அனுப்பினேன். 22தான்."

22 என்றால் தென்மேற்கு. எழும்பியதும் கீழே நீர்கொழும்புக் களப்பு, அதற்கப்பால் கடல். நான் அதைச் சொன்னேன்.

உம்மா தலையாட்டினா. "ஓ. தண்ணி தெரிஞ்சிது. லாம்பு வெளிச்சம் ரெண்டு மூணு. எங்கட கரையாக்கும் எண்டு, அது மறையிறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."